ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்த பாரிஸ்: காலநிலை மாநாடுகளை நாம் எப்படிப் படிப்பது?

(தகவல் தொழில்நுட்ப அணியின் ஞாயிறு இணையவழி வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத தோழர்கள் பலர் கேட்டதால் பதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான், டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.)



ஒவ்வொரு வருஷமும் நவம்பர் வந்தா நம்ம டைம்லைன்ல ரெண்டு செய்தி ஓடும். ஒண்ணு, வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். இன்னொண்ணு, ஏதோ ஒரு நாட்டில் உலகத் தலைவர்கள் வரிசையாக நின்று எடுத்துக்கொள்ளும் குரூப் போட்டோ. அதுதான் ‘காப்’ என்று சொல்கிற ஐ.நா. காலநிலை மாநாடு. முதல் செய்தியை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கிட்டுப் பார்ப்போம். ரெண்டாவதை ஒரு தள்ளு தள்ளிட்டுப் போயிடுவோம்.

அந்த மாநாட்டைப் பற்றி நம்ம ஆட்களிடம் கேட்டால் ரெண்டே பதில்தான் வரும். “எல்லாம் வெள்ளைக்காரன் சதி, நம்ம வளர விடாம பண்றதுக்கு” என்பது ஒன்று. “ஆயிரக்கணக்கான பேரு விமானத்துல போயி, ஏசி ரூம்ல உட்கார்ந்து பேசி என்னத்தக் கிழிச்சாங்க?” என்பது இன்னொன்று. ரெண்டிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் ரெண்டும் நம்மை ஒரே இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகின்றன: ‘நமக்கு இதுல வேலை இல்லை.’ அந்த முடிவோடுதான் இன்றைக்கு நான் சண்டை போட வந்திருக்கிறேன்.

நேராக 2015-க்குப் போவோம்.

நவம்பர் 30, திங்கட்கிழமை. பாரிஸ் பக்கத்தில் லு பூர்ஜே என்ற இடத்தில் 21-வது மாநாடு தொடங்குகிறது. ஏறத்தாழ 150 நாட்டுத் தலைவர்கள் ஒரே நாளில் ஒரே கூரையின் கீழ். மறுநாள் டிசம்பர் 1. அன்று என்ன நடந்தது என்று சென்னை, காஞ்சிபுரம், கடலூர் தோழர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு கரை புரண்டது. விமான நிலைய ஓடுதளத்தில் தண்ணீர். நான் அப்போ பத்தாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போனதில் சந்தோஷப்பட்டவன், மாடியிலிருந்து தெருவைப் பார்த்ததும் அடங்கிப்போனேன். அங்கே பாரிஸ் மேடையிலும் சென்னை வெள்ளம் பேசப்பட்டது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லணும். அந்தக் குறிப்பிட்ட மழைக்குக் காலநிலை மாற்றம்தான் காரணமா என்று விஞ்ஞானிகள் பிறகு ஆராய்ந்து பார்த்தார்கள். தெளிவான தடயம் கிடைக்கவில்லை என்றுதான் எழுதினார்கள். ஏரியை மூடியது, சதுப்பு நிலத்தில் கட்டடம் கட்டியது, அணையைத் திறந்த விதம் இதெல்லாம் நம்ம ஊர்க் கணக்கு. அதை ‘காலநிலை’ மேல் போட்டுவிட்டு யாரும் தப்பிக்க முடியாது. நான் இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: ‘இந்தச் சேதத்துக்கு இவர்தான் பொறுப்பு’ என்று நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதைப் புரிந்துகொண்டால்தான், அடுத்து வரப்போகும் பணச் சண்டை புரியும்.

சரி, பாரிஸ். டிசம்பர் 12, சனிக்கிழமை. ரெண்டு வாரப் பேச்சு முடிந்து இறுதி வரைவு எல்லோர் கையிலும் வந்துவிட்டது. அரங்கம் நிறைந்திருக்கிறது. கூட்டம் மட்டும் தொடங்கவில்லை. நேரம் போய்க்கொண்டே இருக்கிறது. என்ன ஆச்சு?

நாலாவது பிரிவின் நாலாவது உட்பிரிவில், வளர்ந்த நாடுகள் தங்கள் மொத்த உமிழ்வைக் குறைக்கும் இலக்குகளை ஏற்று முன்னால் நிற்க வேண்டும் என்ற வாக்கியத்தில் ‘ஷால்’ என்று இருந்தது. அமெரிக்கா அதைப் பார்த்துவிட்டு, ‘ஷுட்’ என்று மாற்றாவிட்டால் எங்களால் ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டது.

பொறியியல் படித்த தோழர்களுக்கு இது உடனே உறைக்கும். சிவில்காரர்கள் ஐ.எஸ். 456 புரட்டியிருப்பீர்கள். அதில் ‘ஷால்’ என்று இருந்தால் செய்தே ஆகணும். செய்யாவிட்டால் பில் பாஸ் ஆகாது. ‘ஷுட்’ என்று இருந்தால் செய்தால் நல்லது, அவ்வளவுதான். டெண்டர் ஆவணத்தில் இந்த ஒரு வார்த்தை வித்தியாசத்தில் ஒப்பந்தக்காரர் கோடிக்கணக்கில் மிச்சம் பிடிப்பார். அமெரிக்காவுக்கும் அதே கணக்கு. ‘ஷால்’ என்று இருந்தால் அது சட்டப்படி புதிய கடமை. புதிய கடமை என்றால் செனட் சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். அந்தச் சபை என்ன செய்யும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. கியோட்டோ ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே, 1997 ஜூலையில், வளரும் நாடுகளுக்கும் கட்டுப்பாடு இல்லாத ஒப்பந்தம் எதுவும் வேண்டாம் என்று 95-க்கு 0 என்ற கணக்கில் தீர்மானம் போட்ட சபை அது. ஒரு ஓட்டுகூட எதிர்த்து விழவில்லை.

கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? செயலக அதிகாரி ஒருவர் எழுந்து, தட்டச்சுப் பிழைகள் சில திருத்தப்படுகின்றன என்று ஒரு பட்டியலை வாசித்தார். காற்புள்ளி, அரைப்புள்ளிகளோடு சேர்ந்து இந்த ‘ஷால்’ ‘ஷுட்’ ஆனது. மாநாட்டுத் தலைவர் லோரான் ஃபாபியுஸ் சுத்தியலைத் தட்டினார். கைதட்டல், கட்டிப்பிடித்தல், கண்ணீர். உலகின் மிகப் பெரிய ஒப்பந்தம் ஒன்று, ‘எழுத்துப்பிழைத் திருத்தம்’ என்ற பெயரில் காப்பாற்றப்பட்டது.

இதை ஏமாற்று வேலை என்று சொல்லலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த வார்த்தை மாறாமல் இருந்திருந்தால் அன்றைக்கு ஒப்பந்தமே இல்லை. ஆனால் மாற்றியதற்கான விலையும் நம்ம தலையில்தான் விழுந்தது என்பதையும் மறக்கக் கூடாது. இத்தனை விட்டுக்கொடுத்த பிறகும் அமெரிக்கா 2020 நவம்பரில் வெளியே போனது, 2021 பிப்ரவரியில் உள்ளே வந்தது, 2025 ஜனவரி 20 அன்று மறுபடியும் வெளியேறும் ஆணையில் கையெழுத்துப் போட்டது. பஸ்ஸில் ஏறி இறங்குவது மாதிரி.

இப்போ கொஞ்சம் பின்னால் போகணும். இந்த மாநாடுகளில் பேசுகிற உரிமையே நமக்கு எங்கிருந்து வந்தது?

1992, ரியோ டி ஜெனிரோ. அங்கே கையெழுத்துக்கு வைக்கப்பட்ட ஐ.நா. காலநிலை உடன்படிக்கையில் ஒரு கொள்கை இருக்கிறது: பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. ஊர்ப் பொதுக்குளம் தூர்ந்துபோச்சு, எல்லோரும் வரி போட்டுத் தூர்வாரணும். ஆனால் அம்பது வருஷமா சாயக்கழிவைக் கொட்டினவரும், குளிக்க மட்டும் வந்தவரும் ஒரே வரியா கட்டுவாங்க? இதுதான் அந்தக் கொள்கை.

கணக்கைப் பாருங்க. தொழிற்புரட்சி தொடங்கியதிலிருந்து மனிதன் வானத்தில் ஏற்றிய கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ கால் பங்கு அமெரிக்கா ஒரு நாட்டினுடையது. உலக மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் உள்ள இந்தியாவின் பங்கு நூற்றில் மூன்று, நான்கு. இன்றைய நிலவரத்தில் சராசரி அமெரிக்கர் வருஷத்துக்கு 14 டன் அளவுக்கு வெளியிடுகிறார். சராசரி இந்தியர் 2 டன். மேலே போன கார்பன் நூற்றுக்கணக்கான வருஷம் அங்கேயே இருக்கும் என்பதால் பழைய கணக்கை ‘முடிஞ்சு போன கதை’ என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் எதிர்த்தரப்பு சொல்வதையும் கேட்கணும். 1992-ல் போட்ட பட்டியலில் சீனா ‘வளரும் நாடு’. இன்று உலகின் ஆண்டு உமிழ்வில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கி நிற்பதும் அதே சீனாதான். வளைகுடாவின் எண்ணெய் நாடுகளும் அந்தப் பட்டியலில் வளரும் நாடுகள்தான். ‘இவங்களுக்கு நாங்க ஏன் பணம் தரணும்’ என்று ஐரோப்பியர் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதே மாதிரி ‘சராசரி இந்தியர் 2 டன்’ என்ற எண்ணுக்குப் பின்னால் யார் ஒளிந்துகொள்கிறார்கள் என்றும் நாம் கேட்கணும். எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றில் படிந்து இறால் கிடைக்காமல் திரும்புகிற மீனவரும், மூணு காரும் அஞ்சு ஏசியும் வைத்திருப்பவரும் அந்தச் சராசரியில் ஒன்றுதான். இது ஜெனீவாவில் தீர்க்க வேண்டிய விஷயம் இல்லை. சட்டமன்றத்தில் தீர்க்க வேண்டியது.

கியோட்டோவைச் சுருக்கமா முடிச்சிடுறேன். 1997 ஒப்பந்தம், பணக்கார நாடுகள் 1990 அளவைவிட சராசரியாக 5 சதவீதம் அளவுக்குக் குறைக்கணும் என்று சட்டப்படி கட்டுப்படுத்தியது. அமெரிக்கா உறுதிசெய்யவே இல்லை. ரஷ்யா சேர்ந்ததால்தான் 2005-ல் நடைமுறைக்கு வந்தது. கனடா 2011-ல் வெளியேறுவதாக அறிவித்தது. கட்டாயம் என்று எழுதினால் வராமலே இருந்துவிடுகிறார்கள், விருப்பம்போல் என்று எழுதினால் வந்து உட்கார்ந்து எதுவும் செய்யாமல் இருக்கிறார்கள். முப்பது வருஷச் சிக்கல் மொத்தமும் இதுதான்.

இதில் இன்னொரு வேடிக்கை. இந்த மாநாட்டில் ஓட்டெடுப்பு எப்படி என்ற விதியே இன்றுவரை முடிவாகவில்லை. 1995-ல் பெர்லினில் நடந்த முதல் மாநாட்டில் அந்த விதியில் உடன்பாடு வரவில்லை. எண்ணெய் நாடுகள் பெரும்பான்மை ஓட்டை ஒத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை எல்லாமே ஒருமித்த கருத்தில்தான் நடக்கிறது. கிட்டத்தட்ட 200 நாடு, ஒரு நாடு முரண்டு பிடித்தாலும் வாக்கியம் சதுர அடைப்புக்குறிக்குள் போய்விடும். அடைப்புக்குறி என்றால் ‘இன்னும் முடிவாகவில்லை’ என்று அர்த்தம். கடைசி ரெண்டு நாள் ராத்திரி முழுக்க நடப்பது அடைப்புக்குறி பிடுங்குகிற வேலைதான். நம்ம அணியில் ஒரு போஸ்டர் வாசகத்துக்கு எட்டுப் பேர் ஒத்துக்கொள்ளவே ராத்திரி பன்னிரண்டு மணி ஆகிறது, நினைத்துப் பாருங்கள்.

இனி பணம். இதை நான் கொஞ்சம் நிதானமாகப் பேசப்போகிறேன், ஏனென்றால் நம் ஊருக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது இதுதான்.

2009, கோபன்ஹேகன். மாநாடு உடைந்துபோகிற நிலை. பணக்கார நாடுகள் ஒரு வாக்குறுதி தந்தன: 2020-க்குள் வருஷத்துக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவோம். 2020 வந்தது, போனது. பணம் அந்த அளவை எட்டியதாகப் பணக்கார நாடுகளின் அமைப்பே கணக்குக் காட்டியது 2022-க்குத்தான். ரெண்டு வருஷத் தாமதம்கூடப் பரவாயில்லை. அதில் அரசுகள் கொடுத்த பணத்தில் மூன்றில் ரெண்டு பங்குக்கு மேல் கடன். புரியுதா? வீட்டை இடித்தவர் வந்து, ‘கட்டிக்கோ, வட்டிக்குப் பணம் தர்றேன்’ என்கிறார். அதை ‘உதவி’ என்று கணக்கிலும் எழுதிக்கொள்கிறார்.

2024, பாக்கூ. அஜர்பைஜான். புதிய இலக்கு முடிவு செய்யணும். வளரும் நாடுகள் கேட்டது வருஷத்துக்கு 1.3 லட்சம் கோடி டாலர். கிடைத்தது 2035-க்குள் வருஷத்துக்கு 30,000 கோடி டாலர். அதையும் எப்படி எழுதினார்கள் என்று பாருங்கள். பாரிஸ் ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவு முதல் உட்பிரிவில் வளர்ந்த நாடுகள் நிதி வழங்க வேண்டும் என்ற இடத்தில் ‘ஷால்’ இருக்கிறது. அதை யாரும் எழுத்துப்பிழை என்று திருத்தவில்லை. பாக்கூவில் ‘வளர்ந்த நாடுகள் முன்னின்று’, ‘அரசு, தனியார் எனப் பலவகை மூலங்களிலிருந்து’ திரட்டப்படும் என்று வந்தது. ‘வழங்குவோம்’ என்பது ‘திரட்ட முன்னிற்போம்’ ஆனது. வங்கிக் கடன், தனியார் முதலீடு எல்லாமே இனி இந்தக் கணக்கில் ஏறும்.

இந்தியப் பிரதிநிதி சாந்தினி ரைனா பேசுவதற்குக் கை தூக்கிக் காத்திருக்கும்போதே சுத்தியல் தட்டப்பட்டுவிட்டது. அதன் பிறகு அவர் எழுந்து, இந்த ஆவணம் வெறும் கண்கட்டு வித்தை என்ற பொருளில் பேசினார். கட்சி வேறுபாடு பார்க்காமல் சொல்கிறேன், அன்று அந்த அரங்கில் பேசப்பட்டது நம் எல்லோருக்காகவும்தான். பிறகு 2025-ல் பிரேசிலின் பெலெம் மாநாட்டில், அந்த ஒன்பதாவது பிரிவு உட்பட நிதி பற்றிப் பேச ரெண்டு வருஷத் திட்டம் ஒன்று கிடைத்தது. பணம் கிடைக்கவில்லை, பணம் பற்றிப் பேச நேரம் கிடைத்திருக்கிறது.

இதில் தனியாகப் பார்க்க வேண்டிய ஒன்று ‘இழப்பும் சேதமும்’. உமிழ்வைக் குறைப்பது ஒன்று, வரப்போகும் ஆபத்துக்குத் தயாராவது இன்னொன்று. இது மூன்றாவது: ஏற்கெனவே போனதுக்கு யார் தருவது? வனுவாட்டு என்ற குட்டித் தீவு நாடு, சிறு தீவு நாடுகளின் சார்பில் இந்தக் கேள்வியை 1991-லேயே எழுப்பியது. பாரிஸில் இதற்குத் தனிப் பிரிவு கிடைத்தது, எட்டாவது பிரிவு. கூடவே ஒரு ஆப்பும் வைத்தார்கள்: இந்தப் பிரிவை வைத்துச் சட்டப் பொறுப்போ இழப்பீடோ கோர அடிப்படை இல்லை என்று, ஒப்பந்தத்துக்கு வெளியே, முடிவு ஆவணத்தின் 51-வது பத்தியில். எட்டாவது பிரிவைப் பற்றி மேடையில் பேசுகிற பலரும் இந்த 51-ஐப் பற்றிப் பேசுவதில்லை.

பிறகு 2022-ல் பாகிஸ்தான் வெள்ளம். 1,700 பேருக்கு மேல் உயிரிழப்பு. 3 கோடியே 30 லட்சம் பேர் பாதிப்பு. சேதமும் பொருளாதார இழப்பும் சேர்ந்து 3,000 கோடி டாலர் அளவில் மதிப்பிடப்பட்டது. அந்த வருஷம் வளரும் நாடுகள் கூட்டமைப்பின் தலைமையும் பாகிஸ்தானிடம்தான் இருந்தது. எகிப்தின் ஷர்ம் எல் ஷேக் மாநாட்டில் அவர்கள் விடாப்பிடியாக நின்றதில் பெரும்பங்கு, இழப்பு–சேத நிதியம் ஒன்று ஒத்துக்கொள்ளப்பட்டது. 31 வருஷம் ஆகியிருந்தது.

அடுத்த வருஷம் துபாய். 2023 நவம்பர் 30, முதல் நாளே நிதியம் செயல்பாட்டுக்கு வந்தது. அறிவிப்புகள் வந்தன: அமீரகம் 10 கோடி டாலர், ஜெர்மனி 10 கோடி டாலர். அமெரிக்கா? 1.75 கோடி டாலர். எல்லா நாடும் சேர்ந்து அந்த மாநாட்டில் அறிவித்தது ஏறத்தாழ 70 கோடி டாலர். பக்கத்தில் பாகிஸ்தானின் 3,000 கோடியை வைத்துப் பாருங்கள். ஒரே நாடு, ஒரே வெள்ளம்.

அந்த அறிவிப்புகள் ஓடிக்கொண்டிருந்த அதே வாரம், டிசம்பர் 3, 4 தேதிகளில், மிக்ஜாம் புயல் சென்னையைப் போட்டுப் புரட்டியது. நம் அணித் தோழர்கள் பலருக்கு நினைவிருக்கும். பவர் பேங்க்கில் கடைசி ரெண்டு கோடு சார்ஜை வைத்துக்கொண்டு பள்ளிக்கரணைக்குப் படகு கேட்டு, பால் பவுடர் கேட்டு, ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்துப் பகிர்ந்துகொண்டிருந்தோம். துபாயில் 80 ஆயிரம் பேருக்கு மேல் கூடியிருந்த அதே நேரம். யாரும் திட்டமிட்டு அப்படி வைக்கவில்லை. மாநாடு வழக்கமாக நடப்பது நவம்பர், டிசம்பரில். நமக்கு வடகிழக்குப் பருவமழையும் அதே மாதங்களில். பாக்கூ மாநாடு முடிந்த ஒரே வாரத்தில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பெலெம் முடிந்த அடுத்த வாரம் டிட்வா இலங்கையைச் சிதைத்தது. அங்கே 600 பேருக்கு மேல் இறந்துபோனார்கள், மலையகத்தில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. அந்த நிதியம் பெலெமில் தன் முதல் சுற்று விண்ணப்பங்களைத் திறந்தபோது மொத்தமாக ஒதுக்கியிருந்தது 25 கோடி டாலர். உலகம் முழுமைக்கும்.

நிலக்கரி பற்றிக் கேட்பீர்கள். 2021 கிளாஸ்கோவில் கடைசி நிமிஷத்தில் நிலக்கரியை ‘ஒழிப்போம்’ என்பதைப் ‘படிப்படியாகக் குறைப்போம்’ என்று இந்தியா மாற்ற வைத்தது, மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா மேடையில் கண் கலங்கினார். உலகப் பத்திரிகை முழுக்க நம் நாடுதான் வில்லன். மூன்று நாளைக்கு முன்னால் அமெரிக்காவும் சீனாவும் வெளியிட்ட கூட்டறிக்கையிலேயே ‘குறைப்போம்’ என்ற அந்தச் சொல் இருந்ததை யாரும் பெரிதாக எழுதவில்லை. இன்னொன்று, ஏன் நிலக்கரிக்கு மட்டும் பெயர் சொல்லணும்? எண்ணெயும் எரிவாயுவும் யாருடைய தயாரிப்பு? அந்த ரெண்டையும் உள்ளடக்கி ‘புதைபடிவ எரிபொருளிலிருந்து விலகிச் செல்வது’ என்ற வாசகம் முதல்முறையாக வந்தது 2023 துபாயில்தான். முதல் மாநாட்டிலிருந்து 28 வருஷம் கழித்து, ஓர் எண்ணெய் நிறுவனத் தலைவர் தலைமை வகித்த மாநாட்டில். பெலெமில் அதற்கு ஒரு செயல்திட்டம் வேண்டும் என்று பல நாடுகள் கேட்டன. இறுதி முடிவில் அது இடம்பெறவில்லை.

அப்போ எதுவுமே நடக்கலையா? நடந்திருக்கிறது. பாரிஸ் ஒப்பந்தம் வந்த நேரத்தில் உலகம் இந்த நூற்றாண்டுக் கடைசியில் 3 முதல் 3.5 டிகிரி வெப்பத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 2025-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு சொன்ன கணக்கு, இப்போதைய கொள்கைகளோடு போனால் 2.8 டிகிரி. அரை டிகிரிதானே என்று நினைக்காதீர்கள். ஜுரம் 103-க்கும் 104-க்கும் உள்ள வித்தியாசத்தை அம்மாக்களைக் கேளுங்கள். சோலார் தகடு விலை பத்து வருஷத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்தது. இந்தியா 2030-க்குள் மின் உற்பத்தித் திறனில் பாதியை நிலக்கரி, எரிவாயு அல்லாததிலிருந்து அமைப்பேன் என்று சொன்னதை 2025-லேயே எட்டிவிட்டது. திறனில் பாதி, உற்பத்தியாகும் மின்சாரத்தில் பாதி இல்லை. இந்த ரெண்டையும் குழப்பி போஸ்டர் போடாதீர்கள், தயவுசெய்து. முப்பந்தலில் காற்றாலை சுற்றுவதும் அந்தக் கணக்கில்தான் சேர்கிறது.

ஆனால் 2024, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 டிகிரிக்கு மேல் போன முதல் ஆண்டாகப் பதிவாகிவிட்டது. பாரிஸில் பிடிக்க முயல்வோம் என்று எழுதிய எல்லை அதுதான்.

கோவை, சேலம் தோழர்களுக்காக ஒரு விஷயம் சேர்த்துக்கொள்கிறேன். மாநாட்டில் ஒத்துக்கொள்ளாததை ஐரோப்பா வேறு வழியில் செய்கிறது. 2026 ஜனவரியிலிருந்து அங்கே இறக்குமதியாகும் இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம் போன்றவற்றுக்கு அவற்றின் உமிழ்வைப் பொறுத்து எல்லையில் கட்டணம். எஃகு போல்ட், நட்டு, திருகாணிகூட அந்தப் பட்டியலில் வருகிறது. ஐந்தாறு லேத் வைத்துக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போல்ட் அனுப்புகிற சிறு பட்டறைக்காரர், தன் கம்பி எந்த உலையில் உருகியது, எவ்வளவு கார்பன் என்று கணக்குக் காட்டணும். பொறுப்பு எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை என்ற ரியோ கொள்கை இங்கே பின்வாசல் வழியாகக் கழன்றுபோகிறது. பெலெமில் இதைப் பற்றிப் பேச்சுவார்த்தை நடத்த ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பேச்சு முடியும் வரை நம் பட்டறைக்காரர் காத்திருக்க முடியாது. உமிழ்வுக் கணக்கு எடுத்துக் கொடுக்க நம் பொறியியல் கல்லூரிகள் இறங்கினால் நன்றாக இருக்கும். வேலை தேடும் நம் ஆட்களுக்கும் இதில் வாய்ப்பு உண்டு.

கடைசியாக ஒன்று. 2019-ல் பசிபிக் தீவுகளில் சட்டம் படித்துக்கொண்டிருந்த 27 மாணவர்கள், வகுப்பில் ஒரு யோசனையைப் பிடித்தார்கள்: இதைச் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால் என்ன? பசிபிக் தீவு நாடுகளின் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டு அரசு கையில் எடுத்தது. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை ஒத்துக்கொண்டது. 2025 ஜூலை 23-ல் தி ஹேக் நீதிமன்றம் ஒருமனதாகக் கருத்துச் சொன்னது: காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, மீறினால் அது சர்வதேசச் சட்டப்படி தவறு, சேதத்துக்கும் அந்தத் தவறுக்கும் உள்ள தொடர்பு நிரூபிக்கப்பட்டால் இழப்பீடு வரை போகலாம். இது ஆலோசனைக் கருத்துதான், கட்டாயத் தீர்ப்பு இல்லை. ஆனால் அந்த 51-வது பத்திக்கு வெளியே ஒரு கதவு திறந்திருக்கிறது.

அந்த வழக்கின் விசாரணையில் இந்தியா, இருக்கிற ஒப்பந்தங்களே போதும், அவற்றைத் தாண்டிப் புதிய கடமைகள் வேண்டாம் என்று வாதாடியது. நம்மேல் கடமை வந்துவிடுமோ என்ற பயம் புரிகிறது. ஆனாலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை வைத்திருக்கிற தமிழ்நாட்டில் இருந்துகொண்டு பார்க்கும்போது, நாம் வனுவாட்டு பக்கத்தில் நின்றிருக்கணும் என்றுதான் எனக்குப் படுகிறது. மாறுபடுகிற தோழர்கள் இருக்கலாம், பேசுவோம்.

பாரிஸ் ஒப்பந்தம் மொத்தமே 29 பிரிவுதான். ஒரு மாலையில் படித்துவிடலாம். அடுத்த ஞாயிறு வகுப்புக்கு முன்னால் 4, 8, 9 ஆகிய மூன்று பிரிவுகளையும் படித்துவிட்டு வாருங்கள். எங்கே ‘ஷால்’, எங்கே ‘ஷுட்’ என்று பென்சிலில் வட்டம் போட்டுக்கொண்டு வந்தால், அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். கடலோர மாவட்டத் தோழர்கள் தங்கள் ஊரில் கடல் உள்ளே வந்த இடம், உப்பு ஏறிய கிணறு, எந்த வருஷம் என்ற விவரத்தையும் எழுதிக்கொண்டு வாருங்கள்; அந்தப் பட்டியலை வைத்து எட்டாவது பிரிவைப் பேசுவோம்.